சந்தைக்கு ஒரு நாட்காட்டி, தவணைக்கு வேறொரு நாட்காட்டியா?

பயன்படுத்திய கார் வாங்கக் கடன் கேட்டு வருபவரிடம் வங்கி முதலில் பார்ப்பது அவருடைய கடன் மதிப்பெண்ணை. 300 முதல் 900 வரை அமையும் இந்த ஓர் எண், பல வேளைகளில் உரையாடலைத் தொடங்கும் முன்பே முடித்துவிடுகிறது. மதிப்பெண் குறைந்தவர்களுள் கடனைத் திருப்பிச் செலுத்தும் எண்ணமே இல்லாதவரும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், சந்தையை நம்பி வாழும் ஊர்களில் இன்னொரு வகையினரும் இருக்கின்றனர். பணம் கைக்கு வரும் காலமும் தவணை செலுத்த வேண்டிய நாளும் பொருந்தாததாலேயே மதிப்பெண்ணை இழந்தவர்கள் அவர்கள். இவ்விரு வகையினரையும் பிரித்தறிவது வங்கியின் கடமை. அதற்கு உதவும் வகையில் தம் கடன் வரலாற்றைச் சீர்செய்து வருவது வாடிக்கையாளரின் கடமை.

மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் உள்ள லாசல்காவை எடுத்துக்கொள்வோம். நாட்டின் வெங்காய விலைக்கே வழிகாட்டும் சந்தை அங்கு இயங்குகிறது. ரபி பருவ வெங்காயம் ஏறத்தாழ மார்ச் முதல் மே வரை அறுவடையாகிறது. கொட்டகைகளில் சேமிக்கப்பட்டுப் பின்வரும் மாதங்களில் சிறிது சிறிதாகச் சந்தைக்கு வருகிறது. அவ்வரவை நம்பியிருப்போர் விவசாயிகள் மட்டுமா? மண்டித் தரகர், எடை போடுபவர், தரம் பிரிப்பவர், சாக்கு வியாபாரி, தேநீர்க் கடைக்காரர் என ஊர் முழுவதும் அதே வரவில்தான் வாழ்கிறது. குஜராத்தின் ஊஞ்சாவில் சீரகமும், கர்நாடகத்தின் பியாடகியில் மிளகாயும் இவ்வாறே ஊரின் வருமானத்தைத் தீர்மானிக்கின்றன.

2023 டிசம்பர் 8 அன்று வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. 2024 மே மாதத் தொடக்கத்தில்தான் அது விலக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மொத்த விலை சரிந்தது. அந்நாட்களில் மூன்று தவணைகளைத் தவறவிட்டுப் பின்னர் முழுவதையும் கட்டி முடித்த ஒரு சாக்கு வியாபாரியை எண்ணிப் பாருங்கள். அவருடைய கடன் அறிக்கையில் 30, 60, 90 எனத் தாமத நாட்கள் மட்டுமே பதிவாகியிருக்கும். தடை குறித்தோ, விலைச் சரிவு குறித்தோ அதில் ஒரு சொல்லும் இராது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் ஒரு பழைய காருக்குக் கடன் கேட்டால், கணினித் திரையில் தெரிவது அந்த மூன்று எண்களே.

நம் வங்கித் துறை பருவத்தை அறியாத துறையன்று. குறுகிய காலப் பயிர்க்கடன், நிலுவை இரண்டு பயிர்ப் பருவங்களைக் கடந்த பின்னரே வாராக்கடனாகக் கருதப்படுகிறது. டிராக்டர் கடனுக்கு அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை வைக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் கார்க்கடனின் நிலுவை 90 நாட்களைக் கடந்தாலே வாராக்கடன். வெங்காயத்தை விளைவிப்பவருக்குப் பருவக் கணக்கு. அதே வெங்காயத்திற்குச் சாக்கு விற்பவருக்கு மாதக் கணக்கு. இருவரின் வருமானமும் ஒரே ஏலக் களத்திலிருந்துதான் வருகிறது.

வங்கி மறுத்துவிட்டால் அவருடைய தேவை மறைந்துவிடுமா? அடுத்த ஊர்ச் சந்தைக்குச் செல்லவும், இரவில் ஒரு நோயாளியை மாவட்டத் தலைநகருக்கு அழைத்துச் செல்லவும் வாகனம் வேண்டும். எனவே அவர் வேறு வழிகளைத் தேடுகிறார். அவற்றுள் இரண்டு மிகவும் ஆபத்தானவை.

முதலாவது, 'ஃபிளாட்' வட்டி. 3 லட்சம் ரூபாய்க்கு 12 சதவீத ஃபிளாட் வட்டி, 36 மாதங்கள் என்றால் கேட்பதற்கு மலிவாகவே தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் வட்டி மட்டும் ரூ.1,08,000, மாதத் தவணை ரூ.11,333. அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு அசலுக்கும் விதிக்கப்படுவதால், உண்மையான ஆண்டு வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. குறையும் இருப்பின் மீது 14 சதவீத வட்டி என்று சொல்லும் கடன் அதைவிடக் கூடுதலாகத் தோன்றினும், அதே தொகைக்கு அதன் தவணை ஏறத்தாழ ரூ.10,253, மொத்த வட்டி ஏறத்தாழ ரூ.69,000 மட்டுமே. 2024 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்கள், தனிநபர்களுக்கு வழங்கும் புதிய சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றை வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் அளிக்க வேண்டும். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு வட்டி வீதம் அதில் இருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் கையொப்பமிட வேண்டாம். நிரப்பப்படாத காசோலைகளிலும், உரிமை மாற்றத்திற்குரிய படிவம் 29, 30 ஆகியவற்றிலும் வெறுமனே கையொப்பம் கேட்பவரிடம் கடன் வாங்காமல் இருப்பதே நலம்.

இரண்டாவது வழி, பிறர் கடனை வாய்மொழியாக ஏற்றுக்கொள்வது. "வண்டியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மீதித் தவணைகளைக் கட்டிவிடுங்கள்" என்ற பேச்சு சந்தை ஊர்களில் புதிதன்று. இதில் ஆர்.சி. புத்தகம் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. நீங்கள் ஒழுங்காகச் செலுத்தும் ஒவ்வொரு தவணையும் அவருடைய கடன் வரலாற்றைத்தான் உயர்த்தும்; உங்கள் மதிப்பெண் இருந்த இடத்திலேயே இருக்கும். விபத்து நேர்ந்தால் சிக்கல் இரு தரப்பினருக்கும் உண்டு. வாகனம் கைமாறியிருந்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பழைய கார் வாங்குவோர், அதன் மீது கடன் பதிவு உள்ளதா என்பதைப் பரிவாகன் தளத்தில் பார்க்கலாம். இருந்தால், கடன் அளித்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கைக்கு வந்த பின்னரே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் மதிப்பெண் குறைந்தவர் செய்யக்கூடியது என்ன? முதலில் தம் அறிக்கையைப் படிக்க வேண்டும். நாட்டில் இயங்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக அளிக்க வேண்டும். தாமே தம் அறிக்கையைப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஒரே வாரத்தில் பல நிறுவனங்களில் விண்ணப்பித்தால் குறையக்கூடும். கார் விற்பனைக் கூடத்தில் ஆவணங்களைக் கொடுக்கும்போது, எத்தனை நிறுவனங்களுக்கு அவற்றை அனுப்பப்போகிறார்கள் என்று கேட்டறிவது நல்லது.

அறிக்கையில் பிழை இருந்தால் முறையிடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிடில், அதன் பின்னர் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு பெற வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. நண்பருக்கு ஜாமீன் கையொப்பமிட்ட கடனும் உங்கள் அறிக்கையில் இடம்பெறும் என்பதையும் மறவாதீர்கள். பழைய நிலுவையைத் தீர்க்கும்போது, தள்ளுபடி பெற்றுச் 'சமரசம்' செய்துகொண்டால் அவ்வாறே பதிவாகும். முழுவதும் செலுத்தினால் 'முடிக்கப்பட்டது' என்று பதிவாகும். சில ஆயிரம் ரூபாய்த் தள்ளுபடிக்காக முதலாவதைத் தேர்ந்தெடுப்பது, பின்னர் கேட்கும் கடனில் அதைவிட அதிகம் இழக்கச் செய்யலாம். 2025 ஜனவரியில் கடன் விவரங்கள் மாதத்திற்கு இரு முறை புதுப்பிக்கப்படத் தொடங்கின. எனவே இன்று செய்யும் திருத்தம் முன்பைவிட விரைவில் அறிக்கைக்கு வந்து சேரும். நிலுவையைத் தீர்த்துவிட்டு, ஆறு மாதங்கள் ஒழுங்காகச் செலுத்தி, அந்த இடைவெளியில் முன்பணத்தையும் சேர்த்துக்கொண்டு வருபவரின் விண்ணப்பம் வேறு தரத்தில் நிற்கும்.

வங்கிகள் செய்ய வேண்டியதும் உண்டு. சந்தை ஊர் வாடிக்கையாளரின் இரண்டு ஆண்டுக் கணக்கு அறிக்கையைப் பார்த்தால், எந்த மாதங்களில் வரவு பெருகுகிறது, எந்த மாதங்களில் வற்றுகிறது என்பது விளங்கும். மேற்சொன்ன 3 லட்சம் ரூபாய்க் கடனுக்கே, ஆண்டின் எட்டு மாதங்களில் ரூ.13,000, மந்தமான நான்கு மாதங்களில் ரூ.4,800 எனத் தவணை வகுக்கலாம். ஆண்டில் செலுத்தும் தொகை ஏறத்தாழ அதே ரூ.1.23 லட்சம்தான். மந்த மாதத் தவணையும் அம்மாத வட்டியைவிடக் கூடுதலாகவே இருப்பதால் அசல் வளராது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். கார் ஆண்டுதோறும் மதிப்பிழக்கும் பொருள். வங்கியில் இருப்பது வைப்பாளர்களின் பணம். இரக்கத்தின் பேரில் அதைக் கடனாகக் கொடுக்க முடியாது. மறுப்பு நியாயமானதே. அதற்கான விடை, நிபந்தனைகளை மாற்றியமைப்பதில் இருக்கிறது. முன்பணத்தைக் கூட்டலாம், தவணைக் காலத்தைச் சுருக்கலாம், இரண்டு தவணைகளுக்குச் சமமான தொகையை வைப்பாகப் பெறலாம். இடர் கூடுதல் என்றால் வட்டியும் சற்றுக் கூடலாம். இவை அனைத்தையும் ஏற்க ஆயத்தமாக உள்ள ஒருவரை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பினால், வங்கி ஒரு நல்ல வாடிக்கையாளரை இழக்கிறது. அவரோ 21 சதவீத வட்டிக்குச் செல்கிறார்.

ஆகவே, வாசகர்களுள் சந்தையை நம்பித் தொழில் செய்வோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாகனக் கடனுக்காகக் கிளைக்கு வரும்போது, உங்கள் கடன் அறிக்கையுடன் இரண்டு ஆண்டு வரவுக் கணக்கையும் கொண்டு வாருங்கள். தவணை தவறிய மாதங்களைக் குறித்து, அப்போது சந்தையில் என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். எந்த மாதங்களில் எவ்வளவு கட்ட இயலும் என்பதை நீங்களே முன்வைத்துக் கேளுங்கள். கேட்பவர் எண்ணிக்கை கூடினால், அத்தகைய தவணைத் திட்டத்தை வகுக்க வேண்டிய கட்டாயம் வங்கிகளுக்குத் தானாகவே ஏற்படும்.