அண்டை நாட்டைப் பற்றி எழுதும் பாடநூல்

வரலாற்றுப் பாடநூல் பெரும்பாலும் அரசின் செலவில், அரசின் இசைவோடு, ஒரே நாட்டுப் பிள்ளைகளுக்காக எழுதப்படுவது. அண்டை நாடு அதில் தலைகாட்டுவது போர் நடக்கும் பக்கங்களில்தான். படையெடுத்து வந்தவன், அல்லது தோற்று ஓடியவன் என்ற இரண்டு வேடங்களுக்கு மேல் அதற்குக் கிடைப்பதில்லை. பத்து வயதில் இப்படிப் படித்தது ஐம்பது வயதிலும் மனத்தில் தங்கிவிடுகிறது. இரு நாடுகளின் வரலாற்றறிஞர்களும் ஆசிரியர்களும் கூடி உட்கார்ந்து ஒருவர் பாடநூலை மற்றவர் படித்துத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் முதல் உலகப் போரின் அழிவுக்குப் பிறகு வலுப்பெற்றது இதனால்தான்.

அதற்கான தொடக்ககால அமைப்பு முயற்சிகளில் ஒன்று பன்னாட்டுச் சங்கத்திலிருந்து வந்தது. 1922-இல் அந்தச் சங்கம் அறிவுத்துறை ஒத்துழைப்புக்கென ஒரு குழுவை அமைத்தது. தத்துவ அறிஞர் ஆன்ரி பெர்க்சன் அதன் தலைவர்; மேரி கியூரி, ஐன்ஸ்டைன், நம் ஜகதீஷ் சந்திர போஸ் ஆகியோர் உறுப்பினர்களாகப் பணியாற்றினர். ஸ்பெயினைச் சேர்ந்த ஜூலியோ காசாரெஸ் 1920களின் நடுவில் இக்குழுவின் முன் ஒரு நடைமுறையை வைத்தார். ஒரு நாட்டுப் பாடநூலில் இன்னொரு நாட்டைப் பற்றித் தவறான அல்லது புண்படுத்தும் செய்தி இருந்தால், பாதிக்கப்பட்ட நாட்டின் குழு அதைச் சுட்டிக்காட்டித் திருத்தம் கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் நூலை வெளியிட்ட நாட்டின் விருப்பம். நோக்கம் நல்லதுதான், ஆனால் நடைமுறை முழுக்கப் புகாரைச் சார்ந்திருந்தது. புகார் கொடுத்தால் பதிலுக்குப் புகார் வரும் என்ற தயக்கத்தில் நாடுகள் அதை மிக அரிதாகவே பயன்படுத்தின. 1937-இல் வரலாறு கற்பித்தல் குறித்த சங்கத்தின் அறிவிக்கை கையொப்பத்துக்கு வந்தபோது பிரிட்டனும் அமெரிக்காவும் சேரவில்லை. ஜெர்மனி சங்கத்தைவிட்டே வெளியேறியிருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் போர் வந்துவிட்டது.

போருக்குப் பின் இந்தப் பணிக்கு உயிர் கொடுத்தவர் கேயோர்க் எக்கெர்ட். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த அவர், 1951-இல் பாடநூல் மேம்பாட்டுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் 1974-இல் மறைந்தார். மறு ஆண்டு லோயர் சாக்சனி மாநிலம் சட்டம் இயற்றி அந்நிறுவனத்துக்கு அவர் பெயரையே சூட்டியது. உலகெங்குமிருந்து வந்து சேர்ந்த பள்ளிப் பாடநூல்களின் மிகப் பெரிய நூலகம் இன்று அங்கேதான் இருக்கிறது. யுனெஸ்கோவின் அமைதிக் கல்விப் பரிசு 1985-இல் அந்நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது.

எக்கெர்ட்டும் பிரெஞ்சு வரலாற்றறிஞர் பியேர் ரெனுவேனும் முன்னின்று 1951-இல் கூட்டிய அமர்வுகளில் பிரான்ஸ், ஜெர்மனி இரு தரப்பும் 40 கருத்துரைகளில் உடன்பட்டன. 1914-இல் ஐரோப்பியப் போர் ஒன்றைத் திட்டமிட்டு விரும்பியதாக எந்த ஓர் அரசின் மீதோ மக்களின் மீதோ பழி சுமத்த ஆவணங்கள் இடம்தரவில்லை என்பது அவற்றுள் ஒன்று. முப்பதாண்டுகளாக வகுப்பறைகளில் ஓதப்பட்ட பழிக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. ஆனால் பத்தே ஆண்டுகளில், 1961-இல், ஹாம்பர்க் பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் ஜெர்மன் ஆவணங்களையே அடுக்கிவைத்து, அன்றைய ஜெர்மன் அரசுக்குப் போரில் கணிசமான பொறுப்பு உண்டு என்று வாதிட்டார். ஜெர்மனியின் வரலாற்றுத் துறையே இரண்டுபட்டது. நல்லுறவுக்காகச் செய்துகொண்ட உடன்பாடும் ஆராய்ச்சி காட்டும் உண்மையும் எப்போதும் ஒத்துப்போகும் என்று எண்ணிவிட முடியாது என்பதைப் பாடநூல் துறை அப்போதுதான் கற்றது. கூட்டுக் குழு எழுதித்தரும் வாசகத்துக்கும் காலக்கெடு உண்டு. புதிய சான்று வந்தால் குழு மீண்டும் கூடியாக வேண்டும்.

ஜெர்மனி–போலந்து அனுபவம் இதைவிடக் கடினமானது. 1970 டிசம்பரில் மேற்கு ஜெர்மனிக்கும் போலந்துக்கும் இடையே வார்சா உடன்படிக்கை கையெழுத்தான பிறகு, இரு நாடுகளின் யுனெஸ்கோ தேசிய ஆணையங்களும் சேர்ந்து 1972-இல் கூட்டுப் பாடநூல் ஆணையத்தை நிறுவின. மேற்கு ஜெர்மானிய அறிஞர்கள் ஒருபுறம், கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ் இருந்த போலந்து அறிஞர்கள் மறுபுறம். நாஜி ஆக்கிரமிப்பில் போலந்து பட்ட பாடு, போர் முடிந்ததும் லட்சக்கணக்கான ஜெர்மானியர் தம் ஊர்களிலிருந்து அகற்றப்பட்டது என மேசையில் இருந்த ஒவ்வொரு தலைப்பும் ஆறாத புண். 1976-இல் வெளிவந்த 26 பரிந்துரைகள் இவற்றையெல்லாம் தொட்டன. ஹிட்லருக்கும் ஸ்டாலினுக்கும் இடையே 1939-இல் போலந்தைப் பங்குபோட்ட இரகசிய ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் அவற்றில் பேச்சில்லை. அன்றைய வார்சாவில் அதை அச்சில் கொண்டுவர வழியில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மேற்கு ஜெர்மனியின் எதிர்ப்பாளர்கள் இந்த மௌனத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பழமைவாதிகள் ஆண்ட மாநிலங்கள் சில பரிந்துரைகளைப் பள்ளிகளுக்குள் விடவில்லை.

அந்தக் கண்டனம் நியாயமானதுதான். எனினும் ஆணையம் கலையாமல் நின்றது என்பதே பெரிய செய்தி. பரிந்துரைகள் வெளிவந்த பிறகும் மாநாடுகள் தொடர்ந்தன. இரு தரப்பு அறிஞர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகினார்கள். 1989-க்குப் பின் வாய்ப்பூட்டு கழன்றபோது, விட்டுப்போனதைப் பேச ஆட்களும் அமைப்பும் தயாராக இருந்தனர். இருபதாம் நூற்றாண்டு குறித்த ஆசிரியர் கையேடு 2001-இல் வந்தது. 2008-இல் இரு அரசுகளும் கூட்டுப் பாடநூலுக்கு ஒப்புக்கொண்டன. அதன் நான்கு தொகுதிகள் 2016 முதல் 2020 வரை இரு மொழிகளிலும் வெளியாயின. ஆணையம் அமைந்த நாளிலிருந்து கடைசித் தொகுதி அச்சேறிய நாள்வரை கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. இந்தத் துறையில் விரைவான வெற்றியை எதிர்பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும்.

பிரெஞ்சு–ஜெர்மன் கூட்டுப் பாடநூல் பிறந்த விதம் வேறு. இரு நாடுகளின் நட்புறவுக்கான எலிசே உடன்படிக்கையின் 40-ஆம் ஆண்டையொட்டி 2003 ஜனவரியில் பெர்லினில் கூடிய இரு நாட்டு இளைஞர் மன்றம் அந்தக் கோரிக்கையை எழுப்பியது, அரசுகள் ஏற்றன. நாதான், கிளெட் என்ற இரு பதிப்பகங்கள் ஒரே உள்ளடக்கத்தை இரு மொழிகளிலும் வெளியிட்டன. 1945-க்குப் பிந்தைய காலத்தைச் சொல்லும் தொகுதி 2006-இலும், 1815 முதல் 1945 வரையிலான தொகுதி 2008-இலும், பழங்காலத்திலிருந்து தொடங்கும் தொகுதி 2011-இலும் வந்தன.

அந்த எழுத்துக் குழுக்களில் எழுந்த கருத்து வேறுபாடுகள் பாடநூல் எழுதுவோர் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை. போரைப் பற்றிய சண்டையை இரு தரப்பும் எப்போதோ தாண்டிவிட்டன. 1945-க்குப் பின் அமெரிக்கா வகித்த பங்கை எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல்: ஜெர்மானியர் கண்ணில் அது மீட்பரின் பங்கு, பிரெஞ்சுக்காரருக்கு அதில் ஆதிக்கத்தின் சாயலும் தெரிந்தது. கற்பிக்கும் முறையிலும் மோதல் இருந்தது. பிரெஞ்சு ஆசிரியர் தெளிவாகத் தொகுத்துச் சொல்லும் பாடத்தை விரும்புவார். ஜெர்மன் ஆசிரியர் மூலச்சான்றைக் கையில் கொடுத்து மாணவரை விவாதிக்கச் சொல்வார். எழுத்தாளர்கள் இரண்டையும் கலந்தார்கள். உடன்பட முடியாத இடங்களில் இரு நாட்டுப் பார்வைகளையும் எதிரெதிரே வைக்கும் பகுதிகளைச் சேர்த்தார்கள். நூலின் உயிர்ப்பான பக்கங்கள் அவைதாம்.

ஆனால் நூல் பரவலாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் 16 மாநிலங்களுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். பிரான்ஸிலும் பாடத்திட்டம் திருத்தப்பட்டது. எல்லாவற்றுக்கும் பொருந்த எழுதிய நூல் எந்தத் தேர்வுக்கும் முழுதாகப் பொருந்தவில்லை. இருமொழி வகுப்புகளிலேயே அது அதிகம் புழங்கியது. தேர்வில் வராத பாடம் வகுப்பில் நடப்பதில்லை என்பது எந்த நாட்டு ஆசிரியருக்கும் தெரிந்த உண்மை. பாடத்திட்டக் குழுவையும் தேர்வுத் துறையையும் தொடக்கத்திலேயே சேர்க்காத கூட்டு முயற்சிக்கு அலமாரியில்தான் இடம் கிடைக்கும்.

போர் ஓயாத இடத்திலும் இந்தப் பணி நடந்திருக்கிறது. பாலஸ்தீனக் கல்வியாளர் சாமி அத்வானும் இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓனும், பாலஸ்தீனர்களின் எழுச்சியான இரண்டாம் இன்திபாதாவின் குண்டுகளுக்கும் சோதனைச் சாவடிகளுக்கும் நடுவே, இரு தரப்புப் பள்ளி ஆசிரியர்களையும் கூட்டி ஒரு நூலை உருவாக்கினார்கள். அதன் பக்கம் மூன்று பத்திகளாகப் பிரிந்திருக்கும். ஓரத்தில் ஒன்று இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, எதிர் ஓரத்தில் பாலஸ்தீனர் சொல்வது. நடுப்பத்தி வெற்றிடம், மாணவர் தாமே எழுதுவதற்காக விடப்பட்டது. பாலஸ்தீனத்தில் யூதர் தாயகத்துக்கு ஆதரவளித்த 1917-இன் பால்ஃபோர் அறிவிப்பு ஒரு பத்தியில் நெடுநாள் கனவுக்குக் கிடைத்த அங்கீகாரம், மற்றதில் தனக்குச் சொந்தமில்லாத நிலத்தைப் பிரிட்டன் பிறருக்கு வாக்களித்த அநீதி. இரு கதைகளையும் ஒன்றாக்க ஆசிரியர்கள் முயலவில்லை. முயன்றிருந்தால் முதல் அமர்விலேயே கலைந்திருப்பார்கள். இரு தரப்புக் கல்வி அமைச்சகங்களும் நூலுக்கு இசைவு தர மறுத்தன. ஆனாலும் எதிர்த்தரப்பின் கதையை அதன் சொந்தக் குரலிலேயே மாணவர் படிக்கும்படி ஒரு பக்கத்தை எப்படி அமைக்கலாம் என்பதற்கு இதைவிடத் துணிவான மாதிரி இந்தத் துறையில் இல்லை.

தென்கிழக்கு ஐரோப்பாவில் தெசலோனிகி நகரை மையமாகக் கொண்ட குழு கதைசொல்லலையே கைவிட்டு, உதுமானியப் பேரரசு, பால்கன் போர்கள் போன்ற தலைப்புகளில் பல நாட்டு மூலச்சான்றுகளை மட்டும் தொகுத்து 2005-இல் ஆசிரியர்களிடம் தந்தது. அதே ஆண்டில் சீனா, ஜப்பான், தென்கொரியா மூன்றின் அறிஞர்களும் ஆசிரியர்களும் அரசு ஆதரவின்றியே ஒரு கூட்டு வரலாற்று நூலை மூன்று நாடுகளிலும் வெளியிட்டார்கள்.

தெற்காசியாவுக்கு இந்தப் பாடங்கள் தொலைவானவை அல்ல. இந்திய, பாகிஸ்தான் பள்ளி நூல்கள் விடுதலைப் போராட்டத்தைச் சொல்லும் விதத்தைக் கல்வியாளர் கிருஷ்ணகுமார் ஒப்பிட்டு 2001-இல் ஒரு நூல் எழுதினார். ஒரே நிகழ்ச்சிகளிலிருந்து இரு நாடுகளும் வெவ்வேறானவற்றைத் தேர்ந்து கோக்கின்றன. 1947 ஒரு தரப்பில் துயர முடிவு, மறுதரப்பில் நீண்ட பயணத்தின் இலக்கு.

தமிழ் ஆசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு சோழர் காலம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் இராசராசனின் படை இலங்கையில் இறங்கியதும், அநுராதபுரம் வீழ்ந்ததும், பொலன்னறுவை சோழர் ஆட்சியிடமானதும், பின்னர் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டதும் இங்கே பெருமிதப் பக்கங்கள். சிங்கள மரபு சூளவம்சம் என்ற பாலி வரலாற்று நூலின் வழியாக அதே நிகழ்ச்சிகளை விகாரைகள் கொள்ளைபோன காலமாக நினைவுகூர்கிறது. 1070-இல் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு சோழரை விரட்டியது அங்கே விடுதலை. இரண்டுக்கும் சான்று உண்டு. இரண்டிலும் எளிதில் அடங்காத சான்றும் ஒன்று உண்டு. திருகோணமலைக்கு அருகேயுள்ள வெல்கம் விகாரை, சோழர் ஆட்சியின்போது இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு விளங்கிய பௌத்தப் பள்ளி. அங்கே விளக்கெரிக்கவும் பிறவற்றுக்கும் கொடை அளித்தவர்களைத் தமிழ்க் கல்வெட்டுகள் குறிக்கின்றன. படையெடுத்த அரசின் காலத்திலேயே தமிழ் பேசியவர்கள் புத்தர் கோயிலுக்கு விளக்கு வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு கல்வெட்டுச் செய்தியை வைத்து ஒரு முழு வகுப்பு நடத்தலாம்.

இப்படி ஒப்பிடுவதற்காகப் பிறர் நூலைப் படிக்கும்போது வாசகங்களோடு நின்றுவிடக் கூடாது. நிலப்படத்தில் எந்த ஊர் எந்தப் பெயரில் இருக்கிறது, எவருடைய படம் இடம்பெறுகிறது, பயிற்சி வினா எதைக் கேட்கிறது என்பவை வாசகத்தைவிட அதிகம் பேசும். நடுநிலையாகப் பாடம் எழுதி, ஒரு மதிப்பெண் வினாவில் வெற்றியாளன் பெயரை மட்டும் கேட்டால் மாணவர் மனத்தில் நிற்பது அந்த விடைதான். யுனெஸ்கோவுக்காக ஃபால்க் பிங்கெல் 1999-இல் எழுதி 2010-இல் திருத்திய வழிகாட்டி நூல் இத்தகைய ஒப்பாய்வை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறது. அது தமிழில் வர வேண்டும்.

இரு அரசுகள் கூட்டு ஆணையம் அமைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களும், இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்வழி வரலாற்று நூல்களும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மொழிபெயர்ப்பாளர்கூட வேண்டாத ஒப்பாய்வு இது. வரும் கல்வியாண்டில் சோழர் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் கடலுக்கு அப்பாலுள்ள நூலிலிருந்தும் அதே பாடத்தை எடுத்து வகுப்பில் அருகருகே வைத்துப் படிக்கச் செய்து, மாணவர் எழுப்பும் கேள்விகளை எழுதி இவ்விதழுக்கு அனுப்ப வேண்டும்.