பெரிய உடம்புப் பல்லி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ். பக்கத்து சீட் தம்பி ஒரு பொது அறிவுப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். அடுத்த வாரம் இன்டர்வியூவாம்.

"அண்ணே, இதை எப்படிண்ணே வாசிக்கிறது?"

விரல் வைத்த இடத்தில் கூட்ஸ் வண்டி நீளத்துக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை. ப்ருஹத்காயோசாரஸ்!

எனக்கே வியர்த்தது. பி.காம். முதல் வருஷம் 'ஆன்ட்ரப்ரனர்' என்ற வார்த்தையை எழுத்துக் கூட்டி 'என்டர்பிரெனியூர்' என்று வாசித்தேன். பெஞ்ச் பெஞ்சாகச் சிரித்தார்கள். டிகிரி முடியும்வரை வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. இந்தத் தம்பிக்கும் அந்தக் கதி வரவேண்டுமா?

"பயப்படாதீங்க தம்பி. ஸ்கூல்ல சீர் பிரிச்சு வாய்பாடு எழுதினோமே, அதே மாதிரி வெட்டுங்க."

ப்ரு-ஹத்-கா-யோ-சா-ரஸ். ஆறே துண்டு! நாம் ஆறையும் ஒரே சீராகத் தட்டுவோம். இங்கிலீஷ்காரர் முக்கியமாக ஒன்றைப் பிடித்து அழுத்துவார். 'சாரஸ்' என்று முடியும் பெயர் எதுவானாலும் அழுத்தம் 'சா'வில்தான்.

அர்த்தம்? 'ப்ருஹத்' என்றால் பெரிய. கங்கைகொண்டசோழபுரம் பிரகதீஸ்வரர் பெயரில் இருப்பது. 'காயம்' என்றால் உடம்பு. காயகல்ப லேகியத்தில் இருப்பது. 'சாரஸ்' மட்டும் கிரேக்க வழி வந்த பல்லி. ஆக, மூன்றில் இரண்டு பங்கு நம் வாயில் புழங்குகிற சரக்கு!

பல்லியும் உள்ளூர்தான். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த டைனோசர் எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்ற புவியியலாளர்கள் 1987-ல் வைத்த பெயர் இது. முழங்காலுக்குக் கீழே உள்ள ஒரு எலும்பு மட்டுமே 2 மீட்டர் என்று எழுதினார்கள். முதலில் அசைவம் என்றார்கள். பிறகு சைவம் என்று மாற்றினார்கள். பாவம், அந்த எலும்புகள் உதிர்ந்தே போய்விட்டன. பழைய போட்டோக்கள் 2022-ல்தான் வெளியாயின.

"எலும்பு போனாலும் பேரு நிக்குதுண்ணே!" என்றார் தம்பி.

தப்பாகச் சொன்னாலும் வாயைத் திறந்து சொன்னால்தானே தம்பி, எந்தப் பெயரும் நிற்கும்? எனக்கு இது புரிய இத்தனை வருஷம்.

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுத்துப் பார்த்தார். ஏழாவது தடவை, 'சா'வை அழுத்தி, பஸ்ஸே கேட்கிற மாதிரி ஒரு ப்ருஹத்காயோசாரஸ்!

முன்னாலிருந்து கண்டக்டர் குரல்: "அந்த ஸ்டாப்பிங்லாம் நிக்காதுப்பா!"