கைப்பட எழுதிய போர்டிங் பாஸ்



2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் விமான நிலையங்களில் ஊழியர்கள் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். எனக்கென்னவோ அந்த ஊழியர்கள்மீது மரியாதைதான் வந்தது.

பிறகு வரும் தொல்லையைத்தான் யாரும் பேசுவதில்லை. எல்.டி.சி. (விடுப்புப் பயணச் சலுகை) பணம் கேட்கும் அரசு ஊழியரிடம் அலுவலகம் போர்டிங் பாஸைக் கேட்கும். அடிக்கடி பறப்போருக்கான சலுகை மைல்கள் கணக்கில் ஏறாவிட்டால் விமான நிறுவனமும் அதையே கேட்கும். கைபேசியில் வந்த பாஸ் பயணம் முடிந்ததும் செயலியிலிருந்து மறைந்துவிடலாம். அச்சிட்ட துண்டோ மளிகைக்கடை ரசீதுபோல வெளுத்துவிடும். வாங்கிய கையோடு படம் எடுத்து வைப்பதே நல்லது. 13 இலக்க மின் டிக்கெட் எண்ணையும் பி.என்.ஆரையும் தாளில் குறித்து வைத்திருந்தால், திரை இருண்ட நேரத்தில் கவுன்ட்டரில் பேச ஒரு பிடி கிடைக்கும். (படத்தை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம். பார்கோடிலேயே பெயரும் பி.என்.ஆரும் இருக்கின்றன.)

கணினி முடங்கிய நாட்களிலாவது, பயணம் செய்ததற்கான சான்றை, நாம் கேட்காமலே, விமான நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பினால் என்ன? யார் யார் ஏறினார்கள் என்ற பட்டியல் அவர்களிடம்தானே இருக்கிறது!

– ஒரு வாசகர், திருச்சி