ஒரு மாதம் போய்விட்டால்

போன வருடம் எங்கள் மாணவர் ஒருவரின் வாப்பா ஒரு ஃபைலோடு வந்தார். பொலிஸில் அடி வாங்கியவர். ஃபைல் நிறைய எம்.பி.க்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் எழுதிய கடிதங்கள். எல்லோரும் "பார்ப்போம்" என்றிருக்கிறார்கள். பார்த்துப் பார்த்தே நான்கு மாதம் போய்விட்டது.

அரச அதிகாரிகள் அடிப்படை உரிமையை மீறினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி நாம் நேரே உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது. விசாரணை நடப்பதற்கான கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

"கோர்ட்டுக்குப் போய் என்ன கண்டோம்?" என்பீர்கள். ஜனாஸா எரிப்புக்கு எதிரான மனுக்களை 2020 டிசம்பரில் விசாரணைக்கே எடுக்கவில்லை. அந்த வலி எங்களுக்கும் ஆறவில்லை. ஆனால் 2023 ஜனவரியில், ஈஸ்டர் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா கட்டச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். அந்த மனுதாரர்கள் எம்.பி. வீட்டு வாசலில் காத்து நிற்கவில்லை.

சம்பவம் நடந்த திகதியை முதலில் கொப்பியில் எழுதுங்கள். எம்.பி.யைப் பிறகு பார்க்கலாம்.