வரைபடத்தில் ஏறாத வால்வு

நீச்சல் குளத்துக்கான கொட்டேஷன் ஒன்றை எடுத்துப் பார்த்தால், பம்ப் எத்தனை குதிரைத்திறன், ஃபில்டரின் விட்டம் என்ன, மணல் எத்தனை கிலோ, விளக்கு எத்தனை வாட் என்று எல்லாமே வரிவரியாக இருக்கும். கடைசியில் ‘குழாய், ஃபிட்டிங்ஸ், வால்வு மொத்தம்’ என்று ஒற்றை வரி. அந்த வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பது பாதி வேலை நடக்கும்போது, ஹார்டுவேர் கடைக் கவுன்ட்டரில்தான் முடிவாகிறது. கடையில் அன்றைக்கு எது கிடைக்கிறதோ அதுவே தேர்வு. கட்டியவர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார். அந்தத் தேர்வோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுவது பம்ப் ரூம் ஆபரேட்டர்தான்.

கடையில் கேட்கப்படும் கேள்வியும் பெரும்பாலும் தவறானது. ‘எத்தனை கிலோ தாங்கும்?’ என்றுதான் விசாரிப்பார்கள். குளத்து மணல் ஃபில்டர்கள் பலவற்றின் உச்ச அழுத்தமே சுமார் 3.5 கிலோதான், அன்றாட ஓட்டத்தில் முள் அதில் பாதியைத் தொடுவதுகூட அபூர்வம். வெயிலில் பி.வி.சி.யின் வலு குறையும் என்பது உண்மை. 23 டிகிரியில் 10 கிலோ தாங்குவது 38 டிகிரியில் 6.2 கிலோதான் தாங்கும். அப்படியும் அது போதும். 10 கிலோவா, 16 கிலோவா என்ற பேரம் குளத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வால்வை மூடி வைத்துவிட்டுப் பம்பை ஓடவிட்டால் நிலைமை வேறு. உள்ளே சிக்கிய தண்ணீர் கொதிநிலை நோக்கிப் போகும். பம்பை ஒட்டிய குழாய் இளகிச் சுருங்கும். 60 டிகிரியில் பி.வி.சி.க்கு மிஞ்சுவது மூல வலுவில் 22 விழுக்காடுதான்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, வால்வு ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பது. 50 மி.மீ. குழாயில் முழுதும் திறந்த ஃபுல்போர் பால் வால்வு தரும் தடை, ஏறக்குறைய 15 செ.மீ. நேர்க்குழாய் தருவதுதான். கேட் வால்வுக்கு 40 செ.மீ. கதவு போல ஆடித் திறக்கும் ஸ்விங் வகை என்.ஆர்.வி. (நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு) வந்தால் கணக்கு 5 மீட்டரைத் தொடுகிறது. குளோப் வால்வு 17 மீட்டர்! குளத்துக் குழாயில் குளோப் வால்வுக்கு வேலையே இல்லை. என்.ஆர்.வி.யைத் தேவையான இடத்தில் மட்டும் போட வேண்டும். ‘பாதுகாப்புக்கு இருக்கட்டும்’ என்று கூடுதலாக ஒன்றைச் செருகினால், ஒவ்வொரு மாதமும் மின்கட்டணத்தில் அது தெரியும்.

தேவையான இடங்கள் சிலவே. நீர்மட்டத்துக்கு மேலே பம்ப் இருந்தால், உறிஞ்சு குழாயில் தண்ணீர் இறங்காமல் நிற்க என்.ஆர்.வி. வேண்டும். ஹீட்டருக்கும் ட்ரைகுளோர் மாத்திரை ஃபீடருக்கும் நடுவில் கட்டாயம் வேண்டும். ட்ரைகுளோர் கரைந்த நீரின் பி.எச். 3-ஐ ஒட்டியது. பம்ப் நின்றதும் அந்த அமிலம் பின்னோக்கி வந்து ஹீட்டரின் செம்புச் சுருளைத் தின்றுவிடும். இங்கே போடுவது மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடியதாகவும், சீல் விட்டான் ரப்பராகவும் இருக்கட்டும்.

போடக் கூடாத இடமும் உண்டு. அமெரிக்காவில் 2002-இல் ஏழு வயதுச் சிறுமி வர்ஜீனியா கிரேம் பேக்கர், வெந்நீர்த் தொட்டியின் அடி வடிகாலில் இழுபட்டு இறந்தாள். முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். அவள் பெயரிலேயே 2007 டிசம்பரில் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு சிக்கிக்கொள்ளாத வகை மூடிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வால்வைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அடி வடிகாலிலிருந்து வரும் உறிஞ்சு குழாயில் என்.ஆர்.வி. இருந்தால், பம்ப் நின்ற பிறகும் இழுவிசை உள்ளே தங்கிவிடக்கூடும். வெற்றிடத்தை விடுவிக்கும் கருவி பொருத்தியிருந்தாலும் பயனில்லாமல் போகும். அதேபோல, குறைந்தது 3 அடி இடைவெளியில் இரண்டு அடி வடிகால் (மெயின் டிரெயின்) வைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வால்வு கொடுப்பது பெரும் தவறு. ஒன்றை மூடிய நொடியில் முழு இழுவையும் மற்றொன்றுக்குப் போய்விடும். இரண்டும் சேர்ந்த பிறகுதான் வால்வு வர வேண்டும். இதில் செலவைக் காரணம் காட்டுவதற்கு இடமே இல்லை. ஒரு வால்வு மிச்சமாகிறது!

நம் ஊர்ச் சந்தைக்கே உரிய சிக்கல் ஒன்று அளவில் இருக்கிறது. ஐரோப்பிய வால்வுகள் 63 மி.மீ. சாக்கெட்டோடு வருகின்றன, அமெரிக்க 2 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 60.3 மி.மீ. இரண்டையும் ‘ரெண்டு இஞ்ச்’ என்றே கேட்டு வாங்குகிறோம். இடைப்பட்ட 2.7 மி.மீ. இடைவெளியைச் சால்வென்ட் சிமென்டை அப்பி அடைத்துவிட்டு, சோதனை ஓட்டத்தில் ஒழுகவில்லை என்று கிளம்பிவிடுபவர்கள் இருக்கிறார்கள். சால்வென்ட் சிமென்ட் பசையல்ல, இடைவெளியை நிரப்பும் மக்கும் அல்ல. இரண்டு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்குவதே அதன் வேலை. பரப்புகள் தொடாத இடத்தில் ஒட்டு இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பம்ப் ரூம் அடித்தளத்தில், குளத்து நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் விதிகள் மேலும் இறுகும். ஒவ்வொரு உறிஞ்சு குழாயிலும், திரும்பும் குழாயிலும் அடைப்பு வால்வு இல்லாவிட்டால் ஸ்ட்ரெய்னர் மூடியைத் திறந்ததும் குளம் அறைக்குள் வரும். மல்டிபோர்ட் வால்வை ‘வேஸ்ட்’ நிலையில் மறந்துவிட்டுப் போனால், பம்ப் ஓடாமலேயே தண்ணீர் சாக்கடைக்கு இறங்கும். ஆறு நிலைகளை ஒரே கைப்பிடியில் தரும் மல்டிபோர்ட் சிறு குளங்களுக்கு வசதிதான். ஆனால் பம்ப் ஓடும்போதே கைப்பிடியைத் திருப்பினால் உள்ளிருக்கும் ஸ்பைடர் கேஸ்கெட் பிய்ந்து, பேக்வாஷ் குழாய் வழியே சத்தமில்லாமல் நீர் கசியும். ஆபரேட்டர் அடிக்கடி மாறும் இடத்திலும், 90 மி.மீ.க்கு மேற்பட்ட குழாயிலும் பட்டர்ஃபிளை வால்வுகளைக் கொண்ட ஃபேஸ் பைப்பிங்கே மேல் என்பது இந்த இதழின் கருத்து. அங்கும் ஒரு கவனம் தேவை: தடித்த ஷெட்யூல் 80 குழாயின் உள்விளிம்பில் வட்டு தட்டக்கூடும், விளிம்பைச் சாய்த்துச் சீவியாக வேண்டும்.

ஸ்கிம்மர், மெயின் டிரெயின் பங்கீட்டுக்கு மூன்றுவழி டைவர்ட்டர் வால்வுதான் சரி. பால் வால்வைப் பாதி திறந்து ஓட்டத்தைப் பங்கிடுவது அதன் இருக்கையை அரிக்கும். டைவர்ட்டரின் ஓ-ரிங் பெரும்பாலும் இ.பி.டி.எம். ரப்பர். அதில் வாசலைனோ வண்டி கிரீஸோ தடவினால் உப்பிப் போகும்; சிலிகான் கிரீஸ் மட்டுமே ஆகும். உப்பு குளோரினேட்டர் உள்ள குளத்தில் பித்தளை கேட் வால்வைத் தவிர்ப்பது நல்லது. துத்தநாகம் கரைந்து உலோகம் பஞ்சாகிவிடும்.

யூனியன் விஷயத்தில் சிக்கனம் பார்ப்பது வீண். ஒற்றை யூனியன் பால் வால்வு கெட்டால் குழாயை அறுக்க வேண்டும். இரட்டை யூனியன் என்றால் கையாலேயே கழற்றி மாற்றலாம். விலை வித்தியாசம் பிளம்பரின் ஒரு நாள் கூலியோடு ஒப்பிடத்தக்கதே.

அடுத்த கொட்டேஷனில் ‘வால்வு மொத்தம்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் எண், இடம், வகை, சாக்கெட் அளவு, சீல் ரப்பர் ஆகியவற்றைக் காட்டும் ஒரு பட்டியலை வரைபடத்தோடு இணையுங்கள். ஒப்படைக்கும் நாளில் அதே எண்களை வால்வுகளிலும் மாட்டி, ஒரு செட் ஓ-ரிங்கையும் ஆபரேட்டர் கையில் கொடுங்கள்.