கோடு போட்டவர் யார்?

"தோட்டத்துத் தமிழனுக்கு மாளிகையைக் கொடுத்தாலும் அதை மாட்டுக் கொட்டகையாக்கி விடுவான்" என்று நகரத்துப் பெரியவர் ஒருவர் ஒரு விருந்தில் மொழிய, சூழ இருந்தோர் வாய்விட்டு நகைத்ததை நாம் கேட்டோம். மொழிந்தவரும் தமிழர், நகைத்தோரும் தமிழர். வெள்ளைத்துரை ஒருவன் இதைச் சொல்லியிருப்பின் அவ்விருந்து அந்தக் கணமே கலைந்திருக்கும். நம்மவர் சொன்னபடியால் அது அனுபவ மொழியாகிவிட்டது! இக்கூற்றை எவரும் இனிக் கூசாமல் கூற இயலாதவாறு அதன் வேரைத் தோண்டிப் பார்ப்பதென்று அன்றே முடிவு செய்தோம்.

வேர் எங்கே கிடக்கிறது? தொழிலாளியின் குணத்திலா? அன்று, அன்பர்களே! யாரோ ஒருவன் காகிதத்தின்மீது அளவுகோலை வைத்து இழுத்த ஒரு கோட்டில் கிடக்கிறது.

"லயம்" என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இசையறிந்தார்க்கு லயமென்பது தாளத்தின் ஒழுங்கு. தோட்டத்தில் பிறந்தார்க்கோ லயமென்பது வீடு. இப்பொருள் வடமொழியிலிருந்தும் வந்ததன்று, இசையிலிருந்தும் வந்ததன்று. "கோடுகள்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் நம் நாவில் தேய்ந்து நின்ற உருவமே அது. இந்தியாவில் பட்டாளத்துச் சிப்பாய்களின் இருப்பிட வரிசைக்கு வழங்கிய பெயரை அப்படியே தூக்கிவந்து ரப்பர்க் காட்டில் நட்டார்கள். ஆகவே மனைவியோடும் மக்களோடும் வாழவந்த குடும்பத்திற்கு வீடு என்று பெயரிடவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. கோடு என்றார்கள், கோடாகவே கட்டினார்கள்.

அக்கோட்டை எங்கே போட்டார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். பழைய தோட்டமெதையேனும் கண்முன் நிறுத்திப் பாருங்கள். மேட்டின் உச்சியில், காற்று நான்கு புறமும் வீச, துரையின் பங்களா. இடைச் சரிவில் கிராணிமார் வீடுகள். தாழ்வில், ஸ்டோரின் புகையும் ஓடையின் ஈரமும் வந்து சேருமிடத்தில் லயங்கள். பெரட்டு மணி அடித்தால் கடைசி அறை வரை கேட்க வேண்டும். பங்களாவின் தாழ்வாரத்தில் நின்றால் எல்லா வாசல்களும் கண்ணில் பட வேண்டும். இவ்விரண்டு நோக்கங்களையும் அவ்வமைப்பு குறைவின்றி நிறைவேற்றிற்று என்பதை நாம் மறுக்கவில்லை. கேள்வி இதுதான்: அது யாருடைய நோக்கம்?

அறையோ பத்தடிக்குப் பத்தடி அல்லது பன்னிரண்டடி. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயங்களில் பின்புறச் சன்னலுக்கு இடமேயில்லை. தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது பாதியிலே நின்றுவிட்ட லயங்களும் இருந்தன. ஒரு வீட்டுக் குழந்தை இருமினால் மூன்று வீட்டார் விழித்தனர், ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டால் மூன்று வீட்டார் அறிந்தனர். சமையலும் அங்கே, உறக்கமும் அங்கே, பிள்ளைப்பேறும் அங்கே. தண்ணீருக்கோ வரிசைக்குப் பொதுவாக ஒரு குழாய். விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவேண்டிய பெண் அதற்கு முன்னரே எழுந்து, குழாயடியில் தன் முறைக்குக் காத்து, குடத்தைச் சுமந்து, உலை வைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பால் வெட்டப் போனாள். "ஏன் தரையைக் கழுவவில்லை?" என்று அவளைக் கேட்கிறவர் தம் இல்லத்தில் குழாயைத் திருகிவிட்டுக் கேட்கிறார். அவர் வீட்டுக் குழாயை நாற்பது குடும்பங்களுக்குப் பொதுவாக்கிச் சாலையின் கோடியில் கொண்டுபோய் வைப்போம். ஒரு மாதம் கழித்து அவருடைய மாளிகையின் மணத்தைப் பார்ப்போம்!

அமைப்பின் வலிமையை அறிய இந்நாட்டு மலேரியா வரலாற்றைவிடச் சிறந்த சான்று நமக்குத் தெரிந்தவரை வேறில்லை. ஆயிரக்கணக்கில் நம் முன்னோர் காய்ச்சலில் மடிந்தபொழுது, "கூலிகள் உடல் வலுவற்றவர், உண்ணத் தெரியாதவர்" என்று சொல்லிக் கொய்னாவை நீட்டினார்கள். 1901-ஆம் ஆண்டில் கிள்ளான் மருத்துவமனையின் பொறுப்பிலிருந்த மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் நோயாளியின் நாவை மட்டும் பார்ப்பதோடு நில்லாது ஊரின் நிலத்தையும் பார்த்தார். சதுப்பை வடித்துக் காட்டை வெட்டியதும் கிள்ளானிலும் சுவெட்டன்காம் துறைமுகத்திலும் காய்ச்சல் விழுந்தது. ஆயின் அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்டபொழுது காய்ச்சல் குறையவில்லை, மிகுந்தது! ஏனெனில் கடற்கரைச் சமவெளியில் நோய் பரப்பிய கொசு நிழலுள்ள சதுப்பில் வளர்வது. மலைச்சாரலில் நோய் பரப்பியதோ வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் வளர்வது. காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்டவர்களே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள். ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் இறக்கி, லயங்களை நீர்ச்சரிவுகளுக்கு அப்பால் அமைத்த பின்னரே அங்கே சாவு குறைந்தது. லயத்தை இங்கே கட்டுவதா, சிறிது தொலைவு தள்ளிக் கட்டுவதா என்ற ஒரு முடிவில் எத்தனை தாலிகள் தொங்கிக்கொண்டிருந்தன! தொழிலாளியின் உடலும் அதுவே, உணவும் அதுவே. இடம் மாறிற்று, சாவும் மாறிற்று.

நிற்க. துரைமாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. சாதிக்கொரு லயம் கேட்டவர்கள் யார்? ஒரு சாதியார் தொட்ட குழாயை மற்றொரு சாதியார் தொடோம் என்றவர்கள் யார்? துரைக்கு வேண்டியது காலையில் ஆளெண்ணிக்கை. வேறொன்றும் கேளாமல் அவன் கோட்டை இரண்டாக்கிக் கொடுத்தான். கப்பலேறிக் கடல் தாண்டிய மனிதர் ஊர்ச்சேரியைக் கையோடு கொண்டுவந்து இந்நாட்டு மண்ணில் பலகையாலும் தகரத்தாலும் மறுபடி எழுப்பிய வெட்கத்தை எந்தத் துரையின் கணக்கில் எழுதுவது? மனத்திலிருந்த கோடு மண்ணில் விழுந்தது. மண்ணில் விழுந்தபின் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையின் மனத்தில் மறுபடியும் ஏறிற்று.

பள்ளிக்கூடத்தின் கதையும் இதனின் வேறன்று. பள்ளி வயதுக் குழந்தைகள் பதின்மர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளி என்றதேயன்றி எப்படிப்பட்ட பள்ளி என்று அழுத்திக் கேட்கவில்லை. காலியான லயத்து அறை பள்ளியாயிற்று. ஸ்டோரின் ஒதுக்குப்புறம் பள்ளியாயிற்று. ஒரே கூரையின்கீழ் ஒரே ஆசிரியர். முதல் வகுப்பு இந்தச் சுவரைப் பார்த்து அமரும், நான்காம் வகுப்பு அந்தச் சுவரைப் பார்த்து அமரும், நடுவில் அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கற்பித்தார். அதிலிருந்தும் மருத்துவரும் வழக்கறிஞரும் தோன்றினர் என்று பெருமை பேசுவோர் உளர். தோன்றினர், அவர்களை வணங்குகிறோம். தோன்றாதவர்களை எண்ணியவர் உண்டா?

இன்று மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடைபெறுகின்றன. பல பள்ளிகள் புதுக் கட்டடம் பெற்றுவிட்டன. சிறிய பள்ளிகள் சிலவற்றில் இரண்டு வகுப்புகள் இன்னும் ஒரே அறையில் நடக்கின்றன. இங்கே நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு பள்ளிக் கட்டடக் குழுவின் கூட்டத்தில் பார்வையாளராக அமர்ந்திருந்தோம். நுழைவாயில் வளைவுக்கு எத்தனை தூண், தூணில் யாழா தாமரையா, நன்கொடையாளர் பெயர் கல்லில் எவ்வளவு பெரிதாக வரவேண்டும் என்று இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. பெண்பிள்ளைகளின் கழிப்பிடம் வகுப்பறைகளின் பின்னே, மழையில் நனைந்தே போகவேண்டிய இடத்தில் வரையப்பட்டிருந்தது. அதைப்பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை. நாம் எழுந்து கேட்டபொழுது, "அதெல்லாம் காண்டிராக்டர் பார்த்துக்கொள்வார்" என்றார் தலைவர். மழை நாளில் ஒரு சிறுமி நண்பகல் வரை அடக்கிக்கொண்டு கணக்குப் போடுவாள். அவளுக்கு மதிப்பெண் குறைந்தால் "பெண்ணுக்குக் கணக்கு வராது" என்று அந்தத் தலைவரே மேடையில் பேசுவார்.

நகரத்தார் இதுவரை படித்துவிட்டு, "இது தோட்டத்துக் கதை, நமக்கென்ன?" என்று தாளை மடிக்கவேண்டா. நீங்கள் மழையில் நனையாமல் கடை வீதியில் நடக்கின்றீர்களே, அந்த ஐந்தடி நடைபாதை வானத்திலிருந்து விழுந்ததன்று. கட்டடந்தோறும் முகப்பில் தொடர்ச்சியான கூரையுள்ள தாழ்வாரம் வேண்டுமென்று இராபிள்ஸ் 1822-இல் சிங்கப்பூருக்கு விதித்ததன் பயன் அது. ஒரு விதி, ஒரு கோடு. இருநூறு ஆண்டுகளாக எத்தனை தையற்காரர், எத்தனை பூக்காரர், எத்தனை கிளிசோதிடர் அதன் நிழலில் பிழைத்தனர்! அதே திட்டத்தில்தான் இனத்திற்கொரு கம்பம் என்று ஊரைக் கூறுபோட்டார்கள் என்பதையும் மறவோம். அக்கடைவீடுகளின் உட்புறமோ வேறு கதை. சன்னலற்ற அறைகளாகத் தடுக்கப்பட்டு, காற்றும் ஒளியும் புகாத அவ்வீடுகளைப் பார்வையிட்ட பேராசிரியர் சிம்சன், பின்சந்துகளைத் திறந்து காற்றை விடுங்கள் என்று 1907-இல் அறிக்கை கொடுத்தார். நகரச் சீரமைப்புக் கழகம் பிறந்ததோ 1927-இல். அறிக்கைக்கும் கழகத்திற்கும் இடையே இருபதாண்டு! அதுவரை காசநோய் காத்திருந்ததா?

1960-இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் செய்த வேலையை உலகம் புகழ்கிறது, நாமும் புகழ்கிறோம். புளோக்கின் கீழ்த்தளத்தை வீடாக்காமல் வெறுமையாக விட்டார்களே, அது நல்ல மூளையின் வேலை. அங்கே மலாய்க்காரர் திருமணமும் சீனர் இறுதிச் சடங்கும் நம் வீட்டு விசேடமும் மாறி மாறி நடக்கின்றன. முதியோர் சதுரங்கம் ஆடுகின்றனர். ஆயின் பழைய புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நின்றது. பணம் மிச்சம்! இடைமாடியிலிருந்த மூதாட்டி படியிறங்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்தாள். மாடிதோறும் நிற்கும்படி மின்தூக்கிகளை மாற்றும் பெருந்திட்டம் 2001-இல் தொடங்கிற்று. முதலிலே மிச்சம் பிடித்ததை மூட்டுவலிக்காரர் இடைப்பட்ட ஆண்டுகளெல்லாம் வட்டியோடு கட்டினர்.

மலேசியத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகவும் ஆலைகளாகவும் மாறியபோது வெளியேறிய நம் மக்களில் பலர் மலிவு அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் வீடு ஏறத்தாழ 650 முதல் 700 சதுர அடி, மூன்று அறை. லயத்து அறையோடு ஒப்பிட்டால் அரண்மனை என்பர். ஒத்துக்கொள்கிறோம். ஆனால் லயத்திற்குப் புறத்தே ஒரு முருங்கையும் ஒரு கோழிக்கூடும் பிள்ளைகள் ஓடியாட ஒரு திடலும் இருந்தன. வாசலில் அமர்ந்தவள் பத்துப் பிள்ளைகளைக் கண்ணால் காத்தாள். பத்தாம் மாடியில் அமர்ந்தவள் எந்தப் பிள்ளையைக் காப்பாள்? பிள்ளை கீழே போய்க் கெட்டான் என்றால், "இந்தியப் பிள்ளைகளே குண்டர்கள்" என்று தீர்ப்பு எழுதத் தயாராக ஒரு கூட்டம் இருக்கிறது. லயத்துக் காலத்தில் அழுக்கன் என்றார்கள். மாடிக் காலத்தில் குண்டன் என்கிறார்கள். ஏச்சு புதிது. கோடு போட்டவனைக் கேளாத வழக்கம் மட்டும் பழையது.

இன்னும் அண்மையில் நடந்ததைக் கேளுங்கள். 2020-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கொரோனா பரவியபோது அது எங்கே மூண்டெழுந்தது? தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர் ஓரறையில் பலராய் ஈரடுக்குக் கட்டிலில் உறங்கி, பொதுக் கழிப்பிடத்தையும் பொதுச் சமையற்கூடத்தையும் பகிர்ந்த விடுதிகளில். அங்கே தங்கியிருந்த ஏறத்தாழ 320,000 பேரில் பாதிக்குச் சற்றே குறைவானவர்களை நோய் தொட்டுவிட்டதென்று அவ்வாண்டு டிசம்பரில் அரசே கணக்கு வெளியிட்டது. அவர்கள் இளைஞர், ஆதலின் சாவு மிகக் குறைவு. ஆனால் பரவியது எதனால்? அவர்கள் கைகழுவத் தெரியாதவர்கள் என்று அப்போதும் சிலர் எழுதினார்கள்! 2021-இல் புதிய விடுதிகளுக்கு விதி வந்தது: அறைக்குப் பன்னிருவருக்கு மேலாகாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டருக்குக் குறையாது, அறுவருக்கு ஒரு கழிப்பிடம், அதுவும் அறையோடு சேர்ந்து. விதியை எழுதியவர்கள் கட்டில்களின் இடைவெளியையும் கழிப்பிடங்களின் எண்ணிக்கையையும் அல்லவா மாற்றினார்கள்? குற்றம் எதன்மேல் என்பதை அவர்களுடைய அளவுகோலே ஒப்புக்கொண்டது.

"அமைப்பை மாற்றினால் மட்டும் மனிதன் மாறிவிடுவானா?" என்று சிலர் மடக்குவர். எல்லாம் மாறிவிடும் என்று நாம் எங்கும் சொல்லவில்லை. தோட்டத்திற்குள்ளே கள்ளுக்கடைக்கு இடம் கண்டுபிடித்தவர்கள் நூல்நிலையத்திற்கு இடம் காணவில்லை. எனினும் கள்ளுக்கடையைக் கடந்து நேரே வீடு சென்ற உறுதியுள்ளவர்களும் இருந்தனர் என்பதை அறிவோம். ஆனால் நாள்தோறும் உறுதியைச் செலவிட்டால்தான் நேராக வாழலாம் என்னும்படி ஒருவன் வழியை அமைத்துவிட்டு, தவறியவனைப் பார்த்து நகைப்பது நேர்மையா? "பணம் எங்கே?" என்று வேறு சிலர் கேட்பர். கழிப்பிடத்தை மழைபடாத பக்கம் வரைவதற்கு எவ்வளவு பணம்? சன்னலைக் காற்று வரும் திசையில் வைப்பதற்கு எவ்வளவு? காகிதத்தில் கோட்டை நகர்த்த ஒரு ரப்பர்த் துண்டு போதும். அதற்கான பாலையும் நம்மவரே வெட்டிக் கொடுத்தார்கள்.

ஆகவே நாம் வேண்டுவது இவ்வளவே. பள்ளிக் குழுவோ, ஆலயக் குழுவோ, மண்டபக் குழுவோ, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கமோ, எதுவாயினும் வரைபடத்தைப் பூட்டிவைக்காமல் மேசைமேல் விரியுங்கள். விரிக்கும் நாளில் தலைவரும் செயலாளரும் மட்டும் சுற்றி நிற்கவேண்டா. அங்கே கூட்டிப் பெருக்கப்போகிறவளையும், ஊன்றுகோலுடன் வரப்போகிற கிழவரையும், முதல் வகுப்புப் பிள்ளையின் தாயையும் கூப்பிட்டு அமரச் செய்யுங்கள். படம் படிக்கத் தெரியாதே என்றால் மண்ணில் சுண்ணாம்பால் முழு அளவில் கோடு போட்டு அவர்களை அதற்குள் நடக்கவிடுங்கள். மேலே நாம் கூறிய பள்ளியின் கட்டடம் இன்னும் எழவில்லை. அடுத்த கூட்டம் வரும் திங்களில் என்று கேள்விப்படுகிறோம். நாம் போகிறோம். விருந்தில் மாட்டுக் கொட்டகை பேசிய அந்தப் பெரியவரும் அக்குழுவின் உறுப்பினரே. அவரும் வரட்டும், சுண்ணாம்பு வாளியை ஒரு கை பிடிக்கட்டும்.