இர்வின் துரை மட்டுமா கட்டினார்?

சென்னைக் கடற்கரையோரம் ராஜாஜி சாலையில் ஸ்டேட் பாங்கின் பழைய மாளிகை நிற்கிறதே, அதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "வெள்ளைக்காரன் கட்டினான், அதனால்தான் இப்படி நிற்கிறது" என்று உருகுவது ஒரு கட்சி. "வெள்ளைக்காரன் கட்டியதுதானே, போனால் போகட்டும்" என்பது மற்றொன்று. இரண்டு கட்சிக்கும் ஒரே நோய்தான். கட்டியவன் யார் என்று ஒருவரும் விசாரித்ததில்லை.

1843இல் தொடங்கிய மதராஸ் பாங்கு, விக்டோரியா ராணியின் வைர விழா ஆண்டான 1897இல் இந்த மாளிகையைக் கட்டி முடித்தது. வரைபடம் ஹென்றி இர்வினுடையது. அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் காகிதத்தில் கிடந்த கோடு தானாக எழுந்து வளைவாகவும் தூணாகவும் நிற்குமா? அதை நிற்க வைத்த காண்டிராக்டர் நம்பெருமாள் செட்டியார். கன்னிமாரா நூலகமும் விக்டோரியா பப்ளிக் ஹாலும் அவர் கட்டியவைதாம். அவருக்குக் கீழே வேலை செய்த கொத்தனாரும் தச்சனும் சித்தாளும் எத்தனை பேரோ! மொகலாய பாணியை நம் நாட்டில் பார்த்துத்தானே துரைமார்கள் வரைந்தார்கள்? கொண்டுபோனதும் இங்கிருந்து, கட்டித் தந்த கையும் இங்கேயே.

கம்பீரத்தைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தூண் பருமனாக இருந்தால் பெட்டியிலும் பணம் இருக்கும் என்று ஜனங்கள் நம்பட்டும். அதற்காகவும்தான் அந்தக் காலத்தில் பாங்குகளை அரண்மனை போல் எழுப்பினார்கள். இதே கடற்கரைச் சாலையில் இருந்த ஆர்பத்நாட் கம்பெனி 1906இல் கவிழ்ந்தபோது, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பையும் சேர்த்து விழுங்கிற்று. ஆகவே துரைத்தனத்தின் நாணயத்துக்கு இந்தச் சுவர்களைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். கொத்தனாரின் நாணயத்துக்கு வேண்டுமானால் இழுங்கள், தாராளமாகச் சொல்லும்.

2014 ஜூலையில் இந்த மாளிகை தீப்பிடித்து எரிந்தது. இத்தகைய கட்டடங்களுக்குத் தீயைவிட எனக்குப் பயம், பழுது பார்க்கிறோம் என்று சிமெண்டு மூட்டையோடு வருகிறவர்களிடம்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்போடு சேர்ந்து செங்கல்லை அரிக்கும். கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். டெண்டரில் யார் குறைவாகக் கேட்டார் என்று பார்க்காமல் அவர்களைக் கூப்பிடுங்கள். கூலியையும் குறைக்காமல் கொடுங்கள்.